சுவரைக் குடைந்து வைத்த மோட்டார்

என் படிப்பு நாலாம் வகுப்பு. அதிலும் பாதிதான். ஆனால் விருத்தாசலத்திலிருந்து ரயிலேறிப் போன பீங்கான் ஜாடி, கோப்பை, விளக்கு இவற்றில் எத்தனைக்கோ முதல் உருவம் கொடுத்தவன் இந்த விருத்தகிரிதான். பீங்கான் சாமான் செய்ய அச்சு வேண்டும். அச்சு எடுக்க மரத்தில் ஒரு மாடல் வேண்டும். அந்த மாடலைக் கடைந்து கொடுப்பது என் தொழில். கம்பெனியில் தரை பெருக்கப் போனவன், கடைசல்காரர் கையைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது. நாற்பது வயதில் பழைய லேத்து ஒன்று வாங்கி, வீட்டுப் பின்கட்டில், சமையலறைச் சுவரை ஒட்டி, நானே கான்கிரீட் போட்டு இறக்கினேன். பூகம்பம் வந்தால் வீடு ஆடும், அது ஆடாது.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அந்த லேத்தின் மோட்டார் புகைந்து நின்றது.

நின்ற நேரம் பொல்லாத நேரம். கார்த்திகைக்கு மூன்றடுக்கு விளக்கு மாடல் ஒன்று கேட்டிருந்தார் பீங்கான் கம்பெனி குருமூர்த்தி முதலாளி. அவர் மருமகன் பிரபாகரன் கம்ப்யூட்டர் படித்தவர். சென்னையில் ஒரு மெஷின் இருக்கிறதாம், கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்தே மாடலை அடுக்கடுக்காக ஊற்றிக் கொடுத்துவிடுமாம். முதலாளி என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "மேஸ்திரி, திங்கக்கெழம காலைல மாடலு எம் மேசை மேல இருந்தா எப்பவும் போல ஒன் வேலை. இல்லன்னா இனிமே மாப்ள சொல்ற மெஷினுதான்."

முப்பது வருஷமாக அந்தக் கம்பெனிக்கு நான் ஒருவன்தான். ஒரு மோட்டாரால் அதைப் போகவிடுவேனா?

மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக் கட்டும் பாலகிருஷ்ணன் கடைக்கு எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே கால் வைக்க இடமில்லை.

"மாமா, நடவு சீசனு. சுத்துப்பட்டுல இருக்குற பம்புசெட்டு பூரா இங்கதான் படுத்துக் கெடக்குது. புதன்கெழமைக்கு முன்னாடி ஒங்களுத தொடக்கூட மாட்டேன்."

புதிதாக வாங்கலாமென்று கடைத்தெருவில் விலை கேட்டேன். ஒன்பதாயிரம் என்றான். என் சட்டைப்பையில் இருந்தது மூன்று. பழைய இரும்புக் கடைக்காரன் துணி துவைக்கும் மெஷின் மோட்டார் ஒன்றைத் துடைத்துக் காட்டினான். அதை மாட்டினால் லேத்து மரத்தைக் கடையாது, அலசிப் பிழிந்து காயப்போடும். வேண்டாமென்று வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை பல் துலக்கும்போது மூளையில் பளிச்சென்றது. ராஜாம்பாள்! வீட்டிலேயே மோட்டார் வைத்துச் சக்கரம் சுற்றி டீக் கோப்பை செய்துகொண்டிருந்தவள். பேப்பர் கப்பு வந்ததும் நிறுத்திவிட்டாள். அந்த மோட்டார் ஒரு குதிரைச் சக்தி, வீட்டுக் கரண்டில் ஓடுவது. எனக்கென்றே பிறந்தது.

போனால், மோட்டார் கொட்டகை மூலையில் காய்ந்த களிமண் அப்பிக் கிடந்தது. அதன் மேல் ஒரு கோழி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"எடுத்துக்கங்கண்ணே. ரெண்டாயிரம் குடுங்க, அதோட சப்பாத்திக் கட்டை ஒண்ணு கடைஞ்சு குடுங்க."

"ஓடுமா தங்கச்சி?"

"நான் நிறுத்துன அன்னிக்கு ஓடிச்சு. அதுக்கப்புறம் கோழியத்தான் கேக்கணும்."

கோழி என் கையில் நாலு கொத்து கொத்தியது. வாங்கிக்கொண்டேன். மோட்டாரை மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்த வேகத்தில் ஜங்ஷன் ரோட்டில் பஸ்ஸே எனக்கு ஒதுங்கியது.

களிமண்ணைச் சுரண்டி, பெல்ட்டு மாட்டி, சாயங்காலம் நாலு மணிக்குச் சுவிட்சைப் போட்டேன். "ஓடுது பார்த்தியா காசி!" என்று என் மனைவி காசியம்மாளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சக்கு இருக்கிறதே, ஆறு கிலோ இரும்பு, அது தானாக மறை கழன்று கீழே விழுந்தது. விழுந்தது சும்மா கிடக்குமா? உருண்டு, நடைவழியே வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. நான் அதன் பின்னால். என் பின்னால் காசியம்மாள். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக் காத்தவராயன் துள்ளி ஸீட்டு மேல் ஏறிக்கொண்டான்.

"பெரியப்பா! என்னா இது, ஒங்க லேத்து கோச்சிக்கினு வூட்ட வுட்டுப் போவுதா?"

தெருவே சிரித்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. கோப்பைச் சக்கரம் சுற்றும் பக்கம் வேறு, லேத்து சுற்றும் பக்கம் வேறு. எதிர்ப்பக்கம் சுற்றினால் சக்கு கழலத்தான் செய்யும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது மறந்தது பெரிய வெட்கம்தான், ஆனால் அரை நிமிஷத்துக்கு மேல் வெட்கப்பட எனக்கு நேரமில்லை.

வயரை மாற்றினால் திசை மாறும். ஆனால் இந்த மோட்டாரில் அந்த முனைகளை உள்ளேயே சேர்த்துக் கட்டியிருந்தது. பிரித்தால் பாலகிருஷ்ணன், பாலகிருஷ்ணன் என்றால் புதன்கிழமை. பெல்ட்டை எட்டு மாதிரி குறுக்கே போட்டால் தன்னைத் தானே உரசி அறுத்துக்கொள்ளும். அதுவும் எனக்குத் தெரியும். கட்டிலில் மல்லாந்து யோசித்தேன். ஒரு ஆள் கிழக்கே பார்த்து நின்று கையைச் சுற்றுகிறான். அவனை அப்படியே மேற்கே திருப்பி நிறுத்தினால் நம் பார்வைக்குக் கை எதிர்ப்பக்கமல்லவா சுற்றும்! மோட்டாரைத் தலைமாற்றி வைத்தால் முடிந்தது. எந்தக் காலேஜில் இதைச் சொல்லித் தருகிறார்கள்?

தலைமாற்றி வைக்க இடம் வேண்டுமே. அந்தப் பக்கம் இருந்தது சமையலறைச் சுவர்.

ஞாயிறு காலை காசியம்மாள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து எட்டுச் செங்கலைப் பெயர்த்தேன். மோட்டாரின் உடம்பு சமையலறையில், பெல்ட்டு மாட்டும் தலை மட்டும் பின்கட்டில். திரும்பி வந்தவள் கூடையைக் கீழே வைக்கவில்லை.

"என்னாங்க இது? அம்பது வருஷமா எங்கூட குடும்பம் பண்ணீங்க, இப்ப மோட்டார கூட்டியாந்து அடுப்பங்கரைல குடி வச்சிருக்கீங்க?"

"ஒரு நாளு மட்டும் பொறுத்துக்க, காசி."

"சரி. எந்தப் பக்கம் மோட்டாரு இருக்குதோ அந்தப் பக்கந்தான் சுவிட்சும் இருக்கும்."

வேறு வழி? சுவிட்சைச் சமையலறையில் மாட்டினேன். போட்டாள். சக்கு நேர்ப்பக்கம் சுற்றியது. நான் கத்திய கத்தலில் காத்தவராயன் மறுபடி ஆட்டோவில் ஏறிக்கொண்டானாம். பூவரசங் கட்டையில் உளி பட்டதும் சீவல் சுருள் சுருளாகப் பறந்து என் தலையெல்லாம் மல்லிகைப்பூ மாதிரி. முதல் அடுக்கு முடிந்ததும் டக்கென்று நின்றது.

"கரண்டு போயிடுச்சா?"

"சோறு ஆறுது. துன்னுட்டு வந்தாதான் போடுவேன்" என்றது சுவரின் ஓட்டை.

தின்றேன். மூன்று மணிக்கு ஒரு தடவை நிறுத்தினாள், டீக்கு. கடைசி அடுக்கின் விளிம்பு மெல்லிசு. நடுவில் நின்றால் பிசிறு விழும். "இப்ப நிறுத்திடாத தாயே" என்றேன். ஓட்டை வழியே குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை முதலாளி வருவதற்கு முன்பே மேசை மேல் விளக்கு நின்றது. பிரபாகரன் நம்பர் காட்டும் அளவுகோலை எடுத்து வைத்து அளந்தார்.

"மாமா, ஒம்போது இஞ்ச் கேட்டோம். இவரு பத்து இஞ்ச் செஞ்சிருக்காரு. இதுக்குத்தான் நான் சொன்னேன், நான் சென்னைக்குப் படம் கரெக்டா ஒம்போதுக்கு அனுப்பிட்டேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டோம்.

"மாப்ள," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் முதலாளி, "மண்ணு காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளைல வெந்தா இன்னும் சுருங்கும். பத்து உள்ள போனாத்தான் ஒம்போது வெளிய வரும். ஒம்ம ஒம்போது உள்ள போனா எட்டா வரும்."

பிரபாகரன் அளவுகோலை மூடினார். நல்ல பிள்ளை, அவரும் சிரித்துவிட்டார். "எவ்ளோ சுருங்கும்னு எப்படிங்க ஐயா கணக்குப் போட்டீங்க?"

"கையிதான் கணக்குங்க தம்பி" என்றேன்.

சென்னைக்குப் போன் போட்டு ஆர்டரை நிறுத்தச் சொன்னார் முதலாளி. அடுத்து ஊறுகாய் ஜாடி மாடல் இரண்டு எனக்கே கொடுத்தார். வீட்டுக்கு வந்து, சுவரை அடைத்துவிடட்டுமா என்று காசியம்மாளைக் கேட்டேன்.

"வேணாம், இருக்கட்டும்" என்றாள். "இப்பதான் நீங்க நேரத்துக்குச் சாப்புடுறீங்க."