கூட்டுவதற்கு ஒன்றும் இல்லாத காலை

அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் எனக்குக் கொளுத்திப் பார்க்கிற வேலை. ஒரே தடவையில் செய்த சரக்கை லாட் என்போம்; ஒவ்வொரு லாட்டிலிருந்தும் நாலைந்து பூச்சட்டிகளை எடுத்துப் பொட்டலில் வைத்துக் கொளுத்துவேன். அவற்றிலிருந்து பொறி பூவாக எழும்புகிற உயரத்தைப் பார்த்தே மொத்த லாட்டும் எப்படி என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அதனால்தான் மதுரையில் தோல் டாக்டரம்மா, புது ஊசி எனக்குக் கேட்குமா என்பதை "உறுதியாச் சொல்ல முடியாது" என்றதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினோரு வருஷமாகச் சோரியாசிஸ். முதுகு, முழங்கை, கால் எல்லாம் சிவந்து தடித்து, மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில். மாத்திரைக்கும் கேட்கவில்லை, ஒளி சிகிச்சைக்கும் கேட்கவில்லை. ஒட்டிக்கொள்ளாத நோய் என்று சீட்டு எழுதி வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டா கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார முடியும்? தனியாகத்தான் சாப்பிட்டேன். மிச்சம் இருந்தது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்துகிற பயாலஜிக் ஊசி ஒன்றுதான். அதுவும் கேட்காவிட்டால் கடைசிவரை இப்படித்தான்.

எடை, மூட்டுவலி, முன்பு எடுத்த மருந்துகள் எல்லாவற்றையும் வைத்து ஓரளவு கணிக்கலாம், முதல் மாதத்தில் நன்றாகக் குறைந்தால் நல்ல அறிகுறி என்றார் டாக்டர். எங்கள் தொழிலில் இப்படிப் பதில் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னேன். அந்தம்மா சிரித்துவிட்டார்.

"உங்க லாட்டுல ஒரே ஒரு பூச்சட்டிதான் இருக்கு. அதைக் கொளுத்தித்தான் பாக்கணும்."

உள்ளே காசநோய் பதுங்கியிருந்தால் இந்த ஊசி அதைக் கிளப்பிவிடுமாம்; அது இல்லை என்று சோதித்துவிட்டு ஊசியை ஆரம்பித்தார்கள். நான் தினமும் கண்ணாடி முன் நின்றேன். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து மனைவியோடு போனபோது, எல்லாம் அப்படியேதான் இருக்கிறது என்று கடுகடுத்தேன்.

பையை மடியில் வைத்துக்கொண்டு எப்போதும் பேசாமல் இருக்கிறவள் வாயைத் திறந்தாள்.

"இல்லைங்க டாக்டரம்மா. அஞ்சு நாளா கூட்டுறதுக்கு ஒண்ணுமில்ல."

எதைக் கூட்டுவதற்கு என்று கேட்டார் டாக்டர்.

"படுக்கையில உதிர்றதைத்தான். தினம் கைநிறைய இருக்கும். இவுக பாத்தா மனசு விட்டுருவாக. அதான் எந்திரிக்கிறதுக்கு முன்னயே கூட்டிருவேன்."

பதினோரு வருஷமும் தூக்கத்தில் செதில் உதிராது என்றே நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. டாக்டர் பழைய போட்டோக்களோடு என் முதுகை ஒப்பிட்டுப் பார்த்தார். பாதிக்குமேல் குறைந்திருந்தது. இனி எனக்கு மருந்து கேட்கும் என்று நம்பிக்கையாகச் சொல்லலாம் என்றார். மார்பின் மேலிருந்த கல்லை யாரோ இறக்கிவைத்தது போல இருந்தது.

ஊசி தொடர்கிறது. உடம்பு ஏறக்குறைய தெளிந்துவிட்டது. அரைக்கைச் சட்டை போடுகிறேன், மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அவளுக்கு மட்டும் விடியலில் இன்னமும் விழிப்பு வந்துவிடுகிறது. நான் தூங்குகிறவன்போலக் கிடப்பேன். என் பக்கத்து விரிப்பைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி படுத்துத் தூங்கிவிடுகிறாள்.