என் ராணுவ லாரி எவ்வளவு வேகம் போகும்

பழைய ராணுவ லாரியைப் பழுதுபார்ப்பதைத் தொழில் என்று சொல்ல முடியாது. தொழில் என்றால் பொழுது சாயும்போது கையில் நாலு காசு ஒட்டும், இதில் ஒட்டுவது கிரீஸ் மட்டும்தான். வாசலில் ஓடாத வண்டி ஒன்றை நிறுத்திவைத்துக்கொண்டு, "அடுத்த மாசம் ஓடிரும்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கும் அன்பர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நம் கஷ்டம் புரியாது.

எனக்குக் கந்தர்வக்கோட்டையில் ஜெராக்ஸ் கடை. கடை சோறு போடுகிறது, லாரி ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்கிறது. கூட்டாளி அந்தோணி, ஆவூர்க்காரர், துபாயில் பெரிய பெரிய மண்வெட்டும் இயந்திரங்களைப் பிரித்து மாட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். எங்கள் இருவரையும் விட அந்த லாரி ஓட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் என் மனைவி மல்லிகா. ஏன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"வாங்குங்க"

மல்லிகாவின் தம்பி செந்தில் பட்டாளத்தில் டிரைவர். பல வருஷங்களுக்கு முன்பு மலை ரோட்டில் லாரியோடு பள்ளத்தில் விழுந்து இறந்துபோனான். உடலோடு வந்த அவன் சிநேகிதன், "ஃபுல் லோடு, ஏத்தம். ரோட்டோரம் சரிஞ்சிருச்சுக்கா" என்றான். அதை யாரும் காதில் வாங்கவில்லை. செந்தில் ஊரில் இருந்த காலத்தில் கறம்பக்குடி ரோட்டில் பைக்கில் பறந்தவன். அதனால் சாவு வீட்டில் மல்லிகாவின் சித்தப்பா பந்தலில் உட்கார்ந்து, "பய எப்பவும் பறக்குறவன், அங்கயும் பறந்திருப்பான்" என்றார். ஊர் அதையே பிடித்துக்கொண்டது. தானாகத் தேடிக்கொண்ட சாவு என்று ஆகிவிட்டது. மல்லிகா அன்றைக்கு யாரோடும் சண்டை போடவில்லை. ஆனால் அந்த வார்த்தை அவளுக்குள் அப்படியே கிடந்தது எனக்குத் தெரியும்.

திருச்சி ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில், ஏலத்தில் எடுத்த ராணுவ லாரி ஒன்று உடைக்கக் காத்துக்கொண்டு நின்றது. பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வீட்டில் எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சொன்னேன். செந்தில் ஓட்டியதும் இதே மாதிரி வண்டிதானா என்று கேட்டாள். அதேதான் என்றேன். மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது இது: "வாங்குங்க. ஆனா ஓட வைக்கணும். லோடு ஏத்துனா ஏத்தத்துல அது எம்புட்டு வேகம் போகும்னு எனக்குத் தெரியணும்."

இடப்பக்கத்துச் சக்கரம்

வண்டியை வீட்டை ஒட்டிய முந்திரித் தோப்பில் இழுத்துவந்து போட்டோம். முதல் வேலை சக்கரங்களைக் கழற்றுவது. வலப்பக்கம் வெண்ணெய் மாதிரி கழன்றது. இடப்பக்கம் அசையவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றினோம், சுத்தியலால் தட்டினோம், ஸ்பேனரில் நீளமான இரும்புக் குழாயைச் சொருகி அதன்மேல் அந்தோணி ஏறியே நின்றார். படாரென்று போல்ட் முறிந்து அவர் மண்ணில் விழுந்தார். எழுந்து அடுத்ததைப் பிடித்தார். அதுவும் முறிந்தது.

மூன்றாவதைத் தொடுவதற்கு முன்னால், நல்ல புத்தி வந்து துணியால் துடைத்துப் பார்த்தேன். போல்ட் முனையில் 'லெஃப்ட்' என்பதற்கு 'எல்' என்ற இங்கிலீஷ் எழுத்து வெட்டியிருந்தது. இடப்பக்கச் சக்கரங்களுக்கு மரை சுற்றும் திசை நேர் எதிராக இருக்கிறது, வண்டி ஓடும்போது நட்டு தானாகக் கழன்றுவிடாமல் இருப்பதற்காக. வாழ்நாளெல்லாம் ஒரே பக்கம் சுற்றிப் பழகிய கை நம்முடையது, அதற்கு எப்படித் தெரியும். அந்தோணி முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "காலையிலேர்ந்து நாம கழட்டலண்ணே, இறுக்கிக்கிட்டு இருந்திருக்கோம்."

பச்சை

தனியார் வண்டிக்குப் பட்டாளத்துப் பச்சை பூசக்கூடாது. பதிவுக்குப் போகும் முன் நிறத்தை மாற்றியாக வேண்டும். என்ன நிறம் என்பதில் தெருவே அபிப்பிராயம் சொன்னது. மஞ்சள் அடித்தால் பள்ளிக்கூட வேன், சிவப்பு அடித்தால் தீயணைப்பு வண்டி, வெள்ளை அடித்தால் அமரர் ஊர்தி, அதைச் சொல்லவே வேண்டாம். கடைசியில் காப்பிப்பொடி நிறத்துக்கு எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

பச்சையைச் சுரண்டும்போது மல்லிகாவும் ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு பச்சைக்கு அடியில் இன்னொரு பச்சை, அதற்கும் அடியில் இன்னொன்று. எத்தனை பேர் கை பட்டிருக்குமோ. கதவு வரைக்கும் சுரண்டியவள் அங்கே நிறுத்திவிட்டு, உள்பக்கம், டிரைவர் உட்காரும் இடத்தில் மட்டும் பச்சை அப்படியே இருக்கட்டும் என்றாள். பெயிண்டர் ஏணியிலிருந்தபடியே, சின்னப் பிள்ளையைத் தேற்றுவது போல அவளிடம் சொன்னார்: "வருத்தப்படாதீங்கம்மா, ரிட்டயர் ஆனா யூனிபாரத்தக் கழட்டித்தானே ஆகணும்."

மணமக்கள்

புது பெயிண்டைப் பார்த்துவிட்டு ஒரு போட்டோகிராபர் கல்யாண ஜோடியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வண்டியில் ஏறுவது மாடியேறுவது மாதிரி. பட்டுப் புடவையோடு பெண்ணை ஏற்ற என் கடையிலிருந்த ஸ்டூல், அந்தோணி வீட்டு நாற்காலி எல்லாம் தேவைப்பட்டது. ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்து, அது திரும்பாததால் மாப்பிள்ளையையும் சேர்த்துத் திருப்பச் சொன்னது அந்தப் பெண். இருவர் திருப்பியும் அது அசையவில்லை. கீழே நின்ற என்னிடம் மரியாதையாகக் கேட்டது: "நெசமாவே லாரியாண்ணே, இல்ல போட்டோவுக்குச் செஞ்சு வச்சதா?"

முதல் சத்தம்

டீசல் குழாயில் காற்று அடைத்துக்கொள்வது ஒரு வியாதி. நட்டைத் தளர்த்தி, கையால் பம்ப் அடித்து, குமிழி வருவது நின்றதும் முறுக்க வேண்டும். முறுக்கிவிட்டுத் திரும்பினால் மறுபடி குமிழி. பல ஞாயிறுகள் இப்படிப் போயின. ஒரு நாள் சாவியைத் திருப்பியதும் என்ஜின் இருமியது, கரும்புகை கக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. முந்திரி மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. மல்லிகா வீட்டுக்குள்ளிருந்து மாவுக் கையோடு ஓடிவந்து நின்றாள். சிரிக்கவில்லை. என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரோட்டுக்கு எப்போது வரும் என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து எனக்குப் பயம். ஏற்றத்தில் இது நன்றாக விரைந்து போய்விட்டால்? அப்போது சித்தப்பா சொன்னதும் சரியாக இருக்கலாம் என்று ஆகிவிடும். இத்தனை காலம் அவள் நம்பிக்கொண்டிருந்ததை நானே என் கையால் உடைத்தவன் ஆவேன். மிச்சமிருந்த பிரேக் வேலை ஒரு ஞாயிற்றில் முடிந்திருக்கும். நான் கடையில் கூட்டம் என்றேன், முதுகு வலி என்றேன். அந்தோணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்: "வண்டி ஓடாம இருந்தா நல்லதுன்னு நெனைக்கிறீங்களாண்ணே?"

சித்தப்பாவின் அஸ்திவாரம்

அடுத்த ஞாயிறே பிரேக் வேலையை முடித்தோம். பதிவு, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எல்லாம் முடிந்து வண்டி வாசலுக்கு வந்ததும் முதலில் வந்து சேர்ந்தவர் சித்தப்பா. வீடு கட்ட ஆரம்பித்திருந்தார். "வண்டிதான் சும்மா நிக்கிதே மாப்ள, குவாரிலேர்ந்து ஒரு லோடு அஸ்திவாரக் கல்லு அடிச்சுக் குடுத்துருங்க" என்றார். நான் எதையாவது சொல்லித் தட்டிக்கழிக்க வாயெடுப்பதற்குள் மல்லிகா முந்திக்கொண்டாள். நாளைக்கே போகலாம், அவரும் கூட வரட்டும், தானும் வருவதாகச் சொன்னாள்.

எங்கள் பக்கத்துக் குவாரி என்றால் பூமிக்குள் தோண்டிய பெரும் பள்ளம். அடியிலிருந்து மேலே வர ஒரே பாதை, ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பாதாளம். கல்லை நிறைய ஏற்றினார்கள். நான் ஸ்டியரிங்கில், நடுவில் மல்லிகா, ஓரத்தில் சித்தப்பா. முதல் கியரில் ஏறத் தொடங்கினேன். பாதி தூரத்தில் அடுத்த கியர் போட்டுப் பார்த்தேன், வண்டி செத்துவிடும் போல முனகியது, மறுபடி முதலுக்கே வந்தேன். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்காக நான் காலைத் தளர்த்தினேனா என்று யாராவது கேட்கலாம். தளர்த்தவில்லை. ஆக்ஸிலரேட்டரைத் தரைத் தகட்டில் முட்டும் வரை மிதித்திருந்தேன். அவளும் குனிந்து என் காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தூக்குவாளியோடு ஏறிவந்த குவாரித் தொழிலாளி ஒருவர் நடந்தே எங்களைத் தாண்டிப் போனார். பின்னால் வந்த டிப்பர் ஹாரன் அடித்தது. சித்தப்பாவுக்கு ஜன்னல் பக்கம் பள்ளத்தைப் பார்க்கவும் பயம், வெயில் வேறு. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் வெரசா ஓட்டுங்க மாப்ள. எறங்கி நடந்தாக்கூட வீடு போய்ச் சேர்ந்துருவேன் போலருக்கு" என்றார்.

மல்லிகா அவர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. அவர் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றுவிட்டது. அவள் சொன்னது இவ்வளவுதான்: "இதுக்கு மேல போகாது சித்தப்பா. எந்தம்பிக்கும் போயிருக்காது."

ஓடாத வண்டியோடு மல்லுக்கட்டும் அன்பர்களே, இத்தனை பாடுபட்டு ஓட வைத்த வண்டி இவ்வளவு மெதுவாகப் போகிறதே என்று சந்தோஷத்தில் கண் கலங்கிய மெக்கானிக் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.