கடலிலிருந்து எத்தனையாவது முக்கு

நான் சொல்லச் சொல்ல மருமகள் தட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு எழுதவும் வராது, படிக்கவும் வராது. "அத்தை, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்கிறாள். மெதுவாகச் சொல்கிற விஷயமா இது? நியூ ஆர்லியன்ஸ் போய்வந்து மூன்று வாரமாகிறது, எனக்கு இன்னும் வாய் மூடவில்லை.

நான் புதுச்சேரிக்காரி. ஊர் நடுவே ஒரு பெரிய வாய்க்கால் உண்டு. இந்தப் பக்கம் எங்கள் தெருக்கள், அந்தப் பக்கம் கடல்வரைக்கும் வெள்ளைக்காரத் தெருக்கள். இரண்டு பக்கமும் இருபது வருஷம் வீடு வீடாகப் பால் ஊற்றினேன். அதற்குள் பிரெஞ்சுக்காரன் கிளம்பிப் போய்விட்டான், ஆனால் அவன் போட்ட தெரு கோடு கிழித்த மாதிரி அப்படியே கிடந்தது. மூலைக்கு மூலை தமிழிலும் பிரெஞ்சிலும் பெயர்ப் பலகை இருக்கும். எனக்கு இரண்டும் ஒன்றுதான். என்னிடம் விலாசம் என்றால், கடலிலிருந்து மூன்றாவது முக்கு, இடது கைப்பக்கம், மஞ்சள் சுவர். அவ்வளவுதான். ஒரு நாள்கூட ஒரு வீட்டுப் பால் இன்னொரு வீட்டுக்குப் போனதில்லை. ஒரே ஒரு தடவை போனது. அது மாடு கன்று போட்ட அன்று, அதை விடுங்கள்.

அப்படிப்பட்டவள் கடல் தாண்டி ரிச்சர்ட்சன் என்கிற ஊரில் மகன் வீட்டுக்கு வந்து, நாலாம் நாளே தொலைந்துபோனேன். இங்கே தெருவெல்லாம் வளைந்து வளைந்து போகும், எல்லா வீடும் ஒரே செங்கல் நிறம். யாரோ வீட்டுக் கதவை எங்கள் வீடு என்று தள்ளிக்கொண்டு நின்றேன். அந்த வீட்டம்மா நல்லவள், பிஸ்கட் கொடுத்து உட்கார வைத்தாள். என் கழுத்தில் மகன் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்து அவனுக்குப் போன் பண்ணினாள். அன்றோடு சரி. தனியாக வாசல் தாண்டக் கூடாது. என் கைப்பையில் வட்டமாக ஒரு பொத்தானைப் போட்டுவிட்டான். நான் எங்கே இருக்கிறேன் என்று அவன் போனில் தெரியுமாம்.

நாலு தெரு தள்ளி ஈரோட்டுக்காரம்மா ஒருத்தி இருக்கிறாள், என் வயசுதான். காலையில் அவள் வீட்டுக்கு நானே நடந்து போய் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரவேண்டும். எனக்கு வேறு ஆசையே கிடையாது. யாராவது காரில் விட்டால்தான் உண்டு. வாரநாளில் யார் விடுவார்கள்? பகலெல்லாம் ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்த நிலையில்தான் லாங் வீக்கெண்ட் வந்தது, எட்டு மணி நேரம் கார் ஓட்டி நியூ ஆர்லியன்ஸ் போனோம். மறுநாள் ஒரு கைடு அம்மா, பெரிய தொப்பி போட்டவள், பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல மருமகள் என் காதில் சொன்னாள்.

"அத்தை, இந்த ஊரை மொதல்ல போட்டது பிரெஞ்சுக்காரங்களாம். முந்நூறு வருஷம் ஆச்சாம்."

"யாரு? எங்க ஊர்க்காரனா!" என்று நான் கத்திய கத்தலில் தொப்பியம்மா பேச்சை நிறுத்திவிட்டாள்.

எனக்கு அப்போதுதான் கண் திறந்தது. ஆற்றங்கரையில் ஒரு சதுக்கம், அதைப் பார்த்து மாதா கோயில், அங்கிருந்து நாலாபுறமும் நேர்நேராகத் தெரு! வீடெல்லாம் பிரெஞ்சுக்காரன் கட்டியதில்லையாம். பின்னால் ஸ்பெயின்காரன் ஆண்டபோது ரெண்டு தடவை பெருந்தீ பிடித்து, அப்புறம் கட்டியதாம். தெரு மட்டும் பழைய தெருவேதான். வீடு எரியும், தெரு எரியுமா?

"வாய்க்கால் எங்கன்னு கேளுடி," என்றேன்.

மருமகள் கேட்டாள். தொப்பியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் ஹோட்டலுக்கு முன்னால் டிராம் ஓடுகிறதே, அந்த அகலமான ரோட்டில்தான் வாய்க்கால் வெட்டுவதாக இருந்தார்களாம். வெட்டவே இல்லை, வாய்க்கால் தெரு என்று பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் அதற்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு பேசுகிறவர்கள், அந்தப் பக்கம் இங்கிலீஷ் பேசுகிறவர்களாம். தண்ணீர் விடாமலேயே ஊரை ரெண்டாக்கியிருக்கிறான் பாருங்கள்!

நான் நடந்துகொண்டே எண்ணிவிட்டேன். டிராம் ரோடு தாண்டினால் ஆறாவது முக்கில் மாதா கோயில். மறுநாள் சாயங்காலம் பேரப்பெண்ணுக்கு ஹோட்டல் பக்கத்தில் ஒரு மியூசியம் பார்க்கவேண்டும், எனக்குக் கால் வலி என்று ஹோட்டலிலேயே இருந்தேன். ஐந்து மணிக்கு வந்து என்னைக் கூட்டிப்போவதாகப் பேச்சு.

"நீங்க அப்படியே மாதா கோயிலுக்குப் போங்க. நான் தனியா நடந்து வந்துடறேன்," என்றேன்.

"அம்மா, வெளையாடறியா?" என்றான் மகன்.

"ஆறு முக்குடா. ஒழுங்கா வந்து சேந்துட்டா ஊருக்குப் போனதும் ஈரோட்டம்மா வீட்டுக்கு என்னைத் தனியா விடணும்."

"ஆயா, யூ வில் கெட் லாஸ்ட், ஸீரியஸ்லி," என்றாள் பேத்தி.

"போடி, நீதான் லாஸ்ட்டு!"

மருமகள்தான் என் பக்கம் பேசினாள். "ஏங்க, பகல் வெளிச்சம், ஒரே நேர் ரோடு. பைலதான் டேக் இருக்கே." அவன் அரைமனசாகத் தலையை ஆட்டினான்.

நாலரைக்குக் கிளம்பினேன். பையை வேண்டுமென்றே கட்டிலில் வைத்துவிட்டேன். பரீட்சை என்றால் பரீட்சைதானே! டிராம் ரோடு தாண்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது முக்கில் ஊதுகுழலும் டமாரமுமாக ஒரு கல்யாண ஊர்வலம்! பெண்ணும் மாப்பிள்ளையும் குடை பிடித்து ஆடிக்கொண்டு போகிறார்கள், பின்னால் வருகிறவர்கள் கைக்குட்டையை வீசுகிறார்கள். ஒரு கிழவி என் கையில் ஒரு வெள்ளைத் துணியைத் திணித்தாள். நான் என்ன செய்வேன்? நானும் வீசிக்கொண்டே அவர்கள் பின்னால் போனேன். கால் வலி போன இடம் தெரியவில்லை. மேளம் நின்றபோது எத்தனை முக்கு திரும்பினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணாந்து பார்த்தேன். மேகம் மூடியிருந்தது, சூரியனும் இல்லை. எங்கள் ஊரில் எந்த முக்கில் நின்று பார்த்தாலும் கோடியில் கடல் தெரியும். இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் சுவர்தான். இனி ஜென்மத்துக்கும் வாசல் தாண்டவிடமாட்டான் என்று நினைத்தேன்.

நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு தெருக் கோடியில், வீட்டுக் கூரை உயரத்தில், ஒரு கப்பல் போனது! சத்தியமாக. ஆறு ஊரைவிட மேடாம், கரை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் தண்ணீர் தெரியாது, கப்பல் மட்டும் தெரியும். விட்டேனா? கப்பலைப் பார்த்தே நடந்தேன். கரைப் படி ஏறினால், கடல் மாதிரி ஆறு! அதை முதுகுக்குக் கொடுத்துத் திரும்பினேன். பிரெஞ்சுக்காரன் மாதா கோயிலை எங்கள் ஊர்க் கடற்கரையில் தண்ணீரைப் பார்த்துத்தானே வைத்தான்? இங்கேயும் அப்படித்தான் வைத்திருப்பான். கரையோரமாகவே நடந்தேன். வலது பக்கம் வீடு, வீடு, மரம், அப்புறம் மூன்று கூர்க் கோபுரம், என்னைப் பார்த்தபடி!

சதுக்கத்துப் பெஞ்சில் மருமகளும் பேத்தியும் இருந்தார்கள். மகனைக் காணோம்.

"ஆயா!" என்று பேத்தி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பொத்தான் ஹோட்டலைவிட்டு நகரவே இல்லை என்று பார்த்து, அம்மா மயங்கி விழுந்துவிட்டாள் என்று அவன் ஹோட்டலுக்கு ஓடியிருந்தான். திரும்பி வரும்போது சட்டையெல்லாம் வேர்வை. நான் சர்க்கரைப் பொடி கொட்டின சதுர போண்டா ஒன்றைத் தின்றுகொண்டிருந்தேன்.

"எப்பிடிம்மா வந்தே?"

"தண்ணி எங்கன்னு தெரிஞ்சா போதும்டா எனக்கு."

"நம்ம தெருவுல தண்ணி ஏதும்மா?" என்றான். கோபமா சிரிப்பா என்று தெரியாத முகம்.

அது நியாயமான கேள்விதான். ரிச்சர்ட்சன் திரும்பிய மறுநாள் காலை வாசலில் நின்று யோசித்தேன். நிமிர்ந்தால், மரங்களுக்கு மேலே, எந்த வளைவிலிருந்து பார்த்தாலும் மறையாமல், ஊர்த் தண்ணீர்த் தொட்டி, நாலு கால் ஊன்றி நிற்கிறது! இத்தனை நாள் அதை நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

முதல் நாள் மகன் பின்னாலேயே வந்தான், இருபது அடி தள்ளி, போன் பேசுகிற மாதிரி. தொட்டியை இடது தோள் பக்கம் வைத்துக்கொண்டு நாலாவது முக்கு, நீலக் கதவு. மணியை அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கையை ஆட்டிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டான். ஈரோட்டம்மா கதவைத் திறந்து, "யாரு கொண்டாந்து விட்டாங்க?" என்று தெருவை எட்டிப் பார்த்தாள்.

"நானேதாங்க," என்றேன். "காபியப் போடுங்க, கப்பல் கத சொல்றேன்."