ஜெஞ்சாரோம் போன ஆற்றுப் படம்

பிரிக்பீல்ட்சில் உள்ளூர் ஓவியர்களின் படங்களை விற்கும் கடைக்குள் மழைக்கு ஒதுங்கினேன். டர்பன்டைன் வாசனை அடித்தது. அப்பாவின் சட்டையில் அடிக்கும் அதே வாசனை.

என் சின்ன வயதில், எங்கள் ஊரான மேருவில் அப்பா லோரிகளுக்குப் பெயர் எழுதுவார். ஒருமுறை மிச்சமான சாயத்தில், பலகை ஒன்றில் ஆறு வரைந்தார். மளிகைக்கடை முத்து அதை விற்பனைக்கு மாட்டினார். விற்றுப்போய்விட்டதா என்று பார்க்கவே அப்பா தினமும் அங்கே தீப்பெட்டி வாங்கப் போவார். ஒருநாள் படம் இல்லை.

"ஜெஞ்சாரோம் லோரிக்காரரு வாங்கிட்டாருண்ணே," என்றார் முத்து.

"வீட்டுல எங்க மாட்டுவாரு?"

"எனக்கு எப்படி லா தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஜெஞ்சாரோமுக்குப் பஸ் ஏறினார். விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தார். என்னை ரோட்டில் நிற்க வைத்துவிட்டு, வேலியோரமாக உள்ளே எட்டிப் பார்த்துத் திரும்பி வந்தார்.

"இருக்காப்பா?"

"இருக்கு. கோணலா மாட்டியிருக்கான்."