ஊட்டுக்குப் பெரியவங்க யாருங்க?

அம்மா போன பிறகு ரேஷன் கார்டுல குடும்பத் தலைவின்னு என் பேர் ஏறுச்சு. அப்பா அதுக்கு முன்னாலயே போய்ச் சேர்ந்துட்டார். கடைக்காரர் அன்னைக்கே, "தலைவி வந்துட்டாங்க, வழி விடுங்க"ன்னு கிண்டல் பண்ணினார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தலைவியாம் தலைவி! வேலைக்குப் போகாத பொம்பளைங்களுக்கு ஃபாரத்துல தொழில்னு எழுதற பேரு. நானோ எஸ்டேட்ல காப்பிப் பழம் பறிச்சுட்டு, அரிசி மூட்டையத் தூக்கிக்கிட்டு மலைமேல எங்க ஊருக்குப் போற செம்மநத்தம் பஸ்ஸுக்கு ஓடறவ.

அந்தப் பேருக்கு என்ன மதிப்புன்னு தங்கச்சி நிச்சயத்துல தெரிஞ்சுது. அவளை நர்ஸ் படிக்க வெச்சது நான். மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். ஆனா நிச்சயத் தட்டு மாத்தப் பெரியவங்க வேணுமாம். எனக்கு வயசு முப்பத்தஞ்சு, கல்யாணம் ஆகல. "கல்யாணம் ஆகாதவ தட்டு மாத்தக்கூடாது, சேலத்து மாமனைக் கூப்பிடு"ன்னு சொந்தபந்தம் பேசி முடிச்சிருச்சு. அந்தத் தட்டை என் கையால வாங்கணும்னு எனக்கு நொம்ப ஆசை. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், சமையக்கட்டுல நின்னு அழுதேன்.

மாமா நல்ல மனுஷன். மலையேறி வந்த தலைசுத்தல் தீராமலே வந்து பாய்ல உக்காந்தார். நான் காப்பித் தட்டத்தோட கதவோரமா நின்னேன்.

"தையில வெச்சுக்கலாங்களா?"ன்னு மாப்பிள்ளையோட அப்பா கேட்டார். மாமா என் மூஞ்சியப் பார்த்தார்.

"தையில பழம் பறிப்புங்க, லீவு கிடைக்காது. மாசி ஆகட்டுங்க"ன்னேன்.

"மண்டபமா, கோயிலாங்க?" மறுபடியும் மாமா என்னைத்தான் பார்த்தார். கோயில்னேன்.

"பொண்ணு வேலைக்குப் போறது?"

மாமா இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ளயே, "போவா. அதுல பேச்சே இல்லீங்க"ன்னு வெடுக்குன்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான், பெரியவங்க நடுவுல பேசிட்டமேன்னு உறைச்சுது.

மாப்பிள்ளையோட அம்மா மாமா பக்கம் திரும்பினாங்க. "ஏனுங்க அண்ணா, எதைக் கேட்டாலும் அந்தப் புள்ளையத்தான் பாக்கறீங்க. தட்டை மட்டும் நீங்க வாங்கி என்ன பண்ணப் போறீங்க?"

மாமாகூட வந்த எங்க அத்தை என்னமோ சொல்ல வாயெடுத்தாங்க. அதுக்குள்ள மாமா சிரிச்சுட்டார். "அதானுங்க, எனக்கே தெரியல"ன்னு எந்திரிச்சு எடம் விட்டார். "வா சாமி, வந்து உக்காரு."

தட்டு நிறைய தேங்கா, வாழப்பழம், நிச்சயச் சேலை. நான் வாங்கினதுல ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு கீழ விழுந்துருச்சு. "கனமா இருக்கும், குடு கண்ணு"ன்னு மாமா கைய நீட்டினார்.

"இருக்கட்டுங்க மாமா"ன்னேன். குடுக்கல.