நிற்கக் கூடாது என்று நான் ஜெபித்த மிஷின்

அன்பான சகோதர சகோதரிகளே, மாதா எங்களுக்குச் செய்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் காலடிப்பேட்டையில் இருக்கிறோம். என் கணவர் சேவியர் மரம் வெட்டும் வேலை எடுத்துச் செய்கிறார். வெட்டிய கிளைகளைத் தூளாக்கும் மிஷின் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. போன மழையில் அது இரண்டு முறை பாதி வேலையில் நின்றுவிட்டது. எண்ணூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் விழுந்த மரம் சாயங்காலம் வரை வழியை அடைத்துக் கிடந்தது. இன்னொரு முறை இப்படியானால் வேறு ஆளைப் பார்ப்போம் என்றார்கள். மகளுக்கு அப்போது எட்டு மாதம். "மாதாவே, மிஷின் நிற்கக் கூடாது" என்று தினமும் ஜெபமாலை சொன்னேன். மாற்றுக்குப் பழையதாவது ஒன்று வாங்குவோம் என்று அவரை நச்சரித்ததும் நான்தான்.

வாங்கினோம். ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் மந்திரிப்பதற்காகக் கோயில் வாசலில் நிறுத்தினோம். மிஷின் வாயைச் சுற்றி இருந்த சிவப்புச் சட்டத்தில் சாமந்தி மாலை கட்டப் போனேன். சட்டம் அசையவில்லை. முன்பு வைத்திருந்தவர்கள் கட்டுக்கம்பியால் இறுக்கியிருந்தார்கள். பக்கத்தில் பாதி கிழிந்த ஸ்டிக்கர். படித்துப் பார்த்தேன். ஆபத்து என்றால் அந்தச் சட்டத்தைத் தள்ள வேண்டும், கிளையை உள்ளே இழுக்கும் உருளை உடனே நின்றுவிடும்.

"இன்னாங்க, இதப் போய் கட்டி வெச்சிருக்காங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"லேசா இடிச்சாலே நின்னுடும்மா. தொழில்ல அல்லாரும் கட்டிதான் வெச்சிகீறாங்கோ. நீ மாலைய போடு."

கம்பியின் மேலேயே மாலையைக் கட்டினேன். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார்.

மறுநாளும் அந்தக் கம்பி மனதை உறுத்தியது. அவர் டீ குடிக்கப் போனபோது கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டிவிட்டேன். வெட்டியதும் அடுத்த பயம். என்னால் வேலை போய்விட்டால்?

செவ்வாய்க்கிழமை எண்ணூர் வேலையில் முதல் மிஷின் மறுபடி நின்றது. மாற்று மிஷினை ஓட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் போன் செய்தார்.

"கம்பிய அவுத்தது நீயா?"

"ஆமாங்க."

"பத்து தபா நின்னுச்சு. மானம் போவுது. சோறு துன்னுட்டு நானே கட்டிக்கறேன். வை போன."

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மாதா சுரூபத்தின் முன்னால் உட்கார்ந்தேன். செய்தது சரியா தப்பா, தெரியவில்லை. "தப்பென்றால் என்னை மன்னியும். அவரை மட்டும் பார்த்துக்கொள்ளும்" என்று அழுதேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே போன் வந்தது. அவரோடு மரம் ஏறும் குமார்.

"அண்ணி, பயந்துக்காதீங்கோ. அண்ணன் கை கீது. அஞ்சு வெரலும் கீது. நானே எண்ணிட்டேன்."

ஒரு முள்கிளை அவர் சட்டைக் கையில் மாட்டி, அவரையும் சேர்த்து உள்ளே இழுத்திருக்கிறது. கை முழங்கை வரை வாய்க்குள் போயிருக்கிறது. இடுப்பு சிவப்புச் சட்டத்தில் மோதியது. உருளை நின்றது.

தோல் உரிந்த கையோடு வந்தவர், முதலில் பிள்ளையைத்தான் தூக்கிக்கொண்டார். இப்போது தினமும் அந்தச் சட்டத்தைத் தட்டி, உருளை நிற்கிறதா என்று பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறார். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. ஆனால் பயத்தை மாதாவிடம் சொல்லப் பழகிவிட்டேன்.

உங்கள் மனதிலும் ஏதாவது உறுத்தினால், அதன் மேல் மாலை போட்டு மூடிவிடாதீர்கள். அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள். மிஷின் நிற்கக் கூடாது என்றுதான் நான் கேட்டேன். மிஷின் நின்றது. என் மகளின் அப்பா வீட்டுக்கு வந்தார்.