மாரிச்செல்வி பார்த்த சினிமா

ஜூலை 12, சனிக்கிழமை. வழக்கமான நாள்தான். காலையில் செம்பூர் மார்க்கெட்டில் கீரை, வாழைக்காய். மழை விடவில்லை, துவைத்த துணிகளை ஹாலிலேயே கொடி கட்டிக் காயப்போட்டேன். மாலையில் குர்லாவில் ரயில் மாறி மாட்டுங்கா - கமிட்டி மீட்டிங்.

என் பத்தியைத் தொடர்ந்து படிக்கும் உங்களுக்கு எங்கள் கமிட்டியைத் தெரியும். வசதியில்லாத மாணவர்கள் ஆன்லைனில் படிக்க லேப்டாப்பும் நெட்டுக்குப் பணமும் தருகிறோம். கூடவே ஒன்று வைத்தோம்... யார் எதைப் பார்க்கிறார்கள் என்று வாரா வாரம் தலைவருக்கு ரிப்போர்ட் அனுப்பும் சாஃப்ட்வேர். வேண்டாம் என்றேன். என்னைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். நான் செயலாளர், அதை நீக்கும் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்.

அன்று மேஜைமேல் ஒரு லேப்டாப். எதிரில் தாராவியிலிருந்து வரவழைக்கப்பட்ட மாரிச்செல்வி - பி.காம். இரண்டாம் ஆண்டு - அவள் அம்மாவோடு. திங்கட்கிழமை அவளுக்கு ஆன்லைன் தேர்வு.

"படிக்கறதுக்குன்னு குடுத்தா சினிமா பாத்திருக்கியேம்மா!" என்றார் தலைவர்.

"ஆமா சார், பாத்தேன்."

தலைவர் இதை எதிர்பார்க்கவில்லை. தம்பி பார்த்தான், கை தவறிப் பட்டுவிட்டது என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்திருப்பார்.

"மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடு. லேப்டாப்பை எடுத்துண்டு போ."

"ஏட்டி, எழுதிக் குடுத்துட்டு வாயேன்" என்றார் அம்மா, மெதுவாக.

"என்னன்னு எழுத, எம்மா? படம் நல்லாருந்துச்சுன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"என்ன மேடம் சிரிக்கறேள்? குடுத்தவா மனசு கஷ்டப்படாதா?"

"இதைக் குடுத்ததே நான்தான் சார். என் மனசு நன்னாத்தான் இருக்கு."

"கமிட்டிக்குக் குடுத்தாச்சோன்னோ? அப்புறம் அது கமிட்டியோடது."

"சரி. கமிட்டி அவளுக்குக் குடுத்தாச்சு. அப்புறம்?"

லேப்டாப்பை எடுத்து மாரிச்செல்வியின் பையில் வைத்தேன். "சாஃப்ட்வேரையும் நாளைக்கு எடுத்துடறேன். மினிட்ஸ்ல எழுதிக்கோங்கோ" என்றேன். பிறகுதான் ஞாபகம் வந்தது - மினிட்ஸ் எழுதுவதும் நான்தான். எழுதினேன்.

கோபமாக மெயில் அனுப்பப் போகிறவர்களே, ஒரு கேள்வி. கல்யாணத்துக்கு மிக்ஸி பரிசளிக்கிறோம். அதில் என்ன சட்னி அரைக்கிறார்கள் என்று வாரா வாரம் போய்ப் பார்க்கிறோமா? உங்கள் பிள்ளையின் லேப்டாப்பில் பாடம் மட்டும்தான் ஓடுகிறதா? ஏழை வீட்டுப் பெண் என்றால் மட்டும் கண் விழித்த நேரமெல்லாம் படிக்க வேண்டும்... நடுவில் சிரித்துவிட்டால் கொடுத்ததைப் பிடுங்குவோம். இதற்கு உதவி என்று பெயர் வேறு!

என்னைச் செயலாளர் பதவியிலிருந்து எடுக்கப் போகிறார்களாம். எடுக்கட்டும்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தாராவிக்குப் போய் அந்த சாஃப்ட்வேரை அழித்தேன். "மேடம், அந்தப் படம் பாதியில நிக்கி" என்றாள் மாரிச்செல்வி. அவள் அம்மாவையும் சேர்த்து மூன்று பேரும் உட்கார்ந்து மீதியையும் பார்த்தோம்.

திங்கட்கிழமைத் தேர்வா? அதை அவள் பார்த்துக்கொள்வாள்.